படித்துப் பார்த்துக் கையொப்பமிட்டேன்

ஜூன் 12

இந்த வேலாங்காட்டுப்புதூருக்குக் கிராம நிர்வாக அலுவலராக வந்த பதினான்கு மாதத்தில் சங்கரன்கோவிலுக்குப் போனது மூன்றே தடவை. இந்தத் தடவை சித்தி மகள் வீட்டுப் பால்காய்ச்சு. தாசில்தாரிடம் சொல்லவில்லை; சொல்லியிருந்தால் ஜமாபந்தி நேரத்தில் விட்டிருக்க மாட்டார். திரும்பி வரும்போது பஸ் மதுரை தாண்டிப் பழுதாகி நின்றுவிட்டது. நேற்று இங்கே வந்து இறங்கும்போது காலை ஒன்பதரை.

இன்று பட்டா மாறுதல் மனு பதினேழு. சர்வர் பதினொரு மணிக்குப் படுத்து மூன்று மணிக்கு எழுந்தது.

மதியம் ஸ்டேஷனிலிருந்து ஏட்டு வந்தார். பெரியதோட்டத்துக் கிணற்றில் மோட்டார் ஒயர் திருடிய ஆள் கிடைத்துவிட்டானாம். வெள்ளிங்கிரி, நம் ஊர் மோட்டார் மெக்கானிக். அவனுடைய ஒப்புதல் வாக்குமூலமும், நேற்றுக் காலை பனங்காட்டில் அவன் காட்டிய இடத்தில் செம்புக் கம்பி எடுத்ததாக எழுதிய கைப்பற்றல் மகஜரும் கொண்டுவந்திருந்தார். இரண்டுக்கும் சாட்சியாக அரசு ஊழியர் இருவர் வேண்டும். என் கிராம உதவியாளர் நாச்சிமுத்து அண்ணன் முதலில் போட்டார். "வழக்கமானதுதானுங்க மேடம்" என்றார். நானும் படித்துப் பார்த்துவிட்டுப் போட்டேன். நான்கு இடம், முத்திரையோடு. போன மாதம் என் செல்லுக்கு ஒருவன் கண்டதை அனுப்பித் தொந்தரவு செய்தபோது, எஸ்.ஐ. ஒரே நாளில் யாருக்கும் தெரியாமல் நிறுத்தினார். அவர் கேட்டு மறுக்க முடியாது.

சாயங்காலம் துணி துவைத்தேன். ரவை தீர்ந்துவிட்டது.

ஜூன் 16

அலுவலகம் திறக்கும் முன்பே ஒரு பெண் வாசலில் நின்றிருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும்.

"வெள்ளிங்கிரி சம்சாரமுங்க, துளசிமணி. எங்கூட்டுக்காரர ரிமாண்டுன்னு சொல்லி ஜெயிலுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. ரிமாண்டுன்னா தண்டனைங்களா மேடம்?"

தண்டனை இல்லை, விசாரணை நடக்கும்போது நீதிபதி உத்தரவின்படி நீதிமன்றக் காவலில் வைப்பது, ஒரு தடவைக்குப் பதினைந்து நாள் என்றேன்.

"காவல்னா பத்திரமா வெச்சிருப்பாங்ளா?"

ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல.

"காயிதத்துல எதிரின்னு போட்டிருக்குதுங்க. இவுரு யாருக்குங்க எதிரி?"

குற்றம் சாட்டப்பட்டவரை நீதிமன்றத்தில் அப்படித்தான் எழுதுவார்கள், பகைவன் என்று பொருள் இல்லை என்று விளக்கினேன். தலையை ஆட்டினார். ஏன் இங்கே வந்தீர்கள் என்று கேட்டேன்.

"ஸ்டேஷன்ல அதட்டறாங்க. வக்கீலு பேசறது புரியிலீங்க. நீங்க பொம்பளப்புள்ள, படிச்சிருக்கறீங்க."

அவர் போகும்வரை நாச்சிமுத்து அண்ணன் பீரோவுக்குள் தலையை விட்டு எதையோ தேடிக்கொண்டே இருந்தார்.

ஜூன் 17

மழை. பயிர்க் கணக்கு, அடங்கல் எழுதினேன்.

ஜூன் 26

துளசிமணி அக்கா மறுபடி வந்தார். காவலை இன்னும் பதினைந்து நாள் நீட்டிவிட்டார்களாம். திருட்டு, ஜாமீனில் விடமுடியாத குற்றம் என்று யாரோ சொன்னதைக் கேட்டு இரண்டு நாள் சாப்பிடவில்லை. துறைத் தேர்வுக்கு வாங்கிய குற்றவியல் சட்டப் புத்தகம் மேசையிலேயே இருந்தது. அதைப் பார்த்துச் சொன்னேன்: சில குற்றங்களுக்கு ஜாமீன் கேட்பது உரிமை, ஸ்டேஷனிலேயே கிடைத்துவிடும். சிலவற்றுக்கு நீதிபதி மனம் வைக்க வேண்டும். இது இரண்டாவது வகை. விடவே மாட்டார்கள் என்று அர்த்தம் இல்லை. வக்கீல் வைக்க வசதியில்லாதவருக்கு நீதிமன்ற வளாகத்திலேயே சட்ட உதவி மையம் இருக்கிறது, காசு கேட்க மாட்டார்கள்.

"மையத்துக்கு எந்தப் பக்கமுங்க போகோணும்?"

ஒரு தாளில் வழி வரைந்து கொடுத்தேன். அதைச் சேலை முந்தியில் முடிந்துகொண்டார். எழுத்துக் கூட்டிப் படிப்பாராம். ஐந்தாவதோடு நின்றதாம்.

உபகாரம் செய்த திருப்தியோடு சாப்பிட உட்கார்ந்தேன். சாப்பாடு இறங்கவில்லை. வெயில் அதிகம்.

ஜூலை 9

ஜாமீன் உத்தரவு ஆகிவிட்டது. ஆனால் ஆள் வெளியே வரவில்லை. ஜாமீன்தாரர் இருவர் வேண்டும். இருவருக்கும் சொத்து இருக்கிறது என்று கிராம நிர்வாக அலுவலர் சான்று தர வேண்டும். அதாவது நான். ஊரில் ஒருவரும் முன்வரவில்லை. "திருட்டுக் கேசுக்கு எவன் கையெழுத்துப் போடுவான்" என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்களாம். கடைசியில் அக்காவின் தம்பியும், தம்பியின் மாமனாரும் ஒத்துக்கொண்டார்கள். இருவருடைய வீட்டு வரி ரசீதையும் வரிவரியாகப் பார்த்து, வீட்டையும் நேரில் போய்ப் பார்த்து, அதன் பிறகே சான்றில் கையெழுத்துப் போட்டேன். இவ்வளவு கவனமாக நான் எதையும் செய்ததில்லை.

ஜூலை 15

வெளியே வந்துவிட்டார். முப்பத்தைந்து நாள் ஆகியிருக்கிறது. அக்கா ஒரு பை நிறையக் கத்திரிக்காயும் முருங்கைக்காயும் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். "நீங்க இல்லீன்னா நான் ஒண்ணும் தெரியாம கோர்ட்டு வாசல்லயே கெடந்திருப்பேன் அம்மிணி." இதுவரை மேடம் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. கத்திரிக்காயை நாச்சிமுத்து அண்ணனிடம் கொடுத்தேன். அவரும் வேண்டாம் என்றார். இரண்டு நாள் ஆனால் வாடிவிடும்.

ஆகஸ்ட் 29

குற்றப்பத்திரிகை தாக்கலாகிவிட்டது. அதன் நகலையும் ஆவணங்களையும் எதிரிக்கு இலவசமாகக் கொடுக்க வேண்டும், கேட்டு வாங்குங்கள் என்று சொன்னதே நான்தான். முப்பது பக்கம். அக்கா அதை மஞ்சள் பையில் வைத்துக் கொண்டுவந்து, "படிச்சுச் சொல்லு அம்மிணி, அவரு கையில வாங்கிப் பாக்கவே மாட்டேங்கறாரு" என்றார்.

முதல் தகவல் அறிக்கையைப் படித்துச் சொன்னேன். யார் புகார், எப்போது, என்ன காணவில்லை. பிறகு வாக்குமூலம். அவர் கணவர் சொன்னதாக எழுதியிருப்பதைக் கேட்டு, "இத்தன வார்த்தை அவரு ஒரு வாரத்துக்குக்கூடப் பேச மாட்டாருங்க" என்றார். போலீஸிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எழுதினால் அது மட்டும் நீதிமன்றத்தில் நிற்காது, ஆனால் அவர் காட்டிய இடத்தில் பொருள் கிடைத்தது என்றால் அந்தப் பகுதி நிற்கும் என்றேன். சொல்லும்போதே எனக்குப் புரிந்தது. இந்த வழக்கில் இருப்பது அந்த ஒன்றுதான். அது என் கையெழுத்தில் நிற்கிறது.

"அப்ப அந்தப் பொருள் எடுத்தத யாரு பாத்தாங்க?"

சாட்சிப் பட்டியல் பக்கம் வந்துவிட்டது. முதல் சாட்சி, பெரியதோட்டத்துக்காரர். இரண்டாவது, அவர் தோட்டத்து ஆள். நான்காவது நாச்சிமுத்து, கிராம உதவியாளர். ஐந்தாவது எஸ்.ஐ. இந்த வரிசையில்தான் வாசித்தேன்.

"நாச்சிமுத்தண்ணனா?" என்று திரும்பிப் பார்த்தார். அண்ணன் பேங்குக்குப் போயிருந்தார். "அவரு அந்த மாதிரி ஆளு இல்லீங்களே."

மகஜர் பக்கத்தை வேகமாகப் புரட்டிவிட்டேன்.

ஆகஸ்ட் 30

ஜூன் 12 பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். 'படித்துப் பார்த்துவிட்டுப் போட்டேன்' என்று எழுதியிருக்கிறேன். படிக்கவில்லை. மகஜரில் காலை ஆறு மணி, பனங்காடு, எங்கள் முன்னிலையில் என்று இருக்கிறது. அந்த ஆறு மணிக்கு நான் பழுதான பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன்.

செப்டம்பர் 7

ஞாயிற்றுக்கிழமை. அக்கா அலுவலகத்துக்கு வராமல் நான் குடியிருக்கும் அறைக்கே வந்தார். உட்காருங்கள் என்றேன், உட்காரவில்லை. பையிலிருந்து அந்தப் பக்கத்தை எடுத்தார்.

"மூணாவது சாட்சிய நீங்க படிக்கலீங்களே. நானே எழுத்துக் கூட்டிப் பாத்தனுங்க. நீளமான பேருங்க. சங்கரகோமதி, கிராம நிர்வாக அலுவலர்னு. வெளிச்சத்துல வெச்சு ரெண்டு தடவ படிச்சேன்."

தாளை என் முன்னால் நீட்டினார்.

"நீங்க பாத்தீங்ளா? பனங்காட்டுல அவரு எடுத்துக் குடுத்தத?"

"அக்கா, அது ஆபீஸ் வேல..."

"பாத்தீங்ளா, பாக்கலீங்களா?"

"பாக்கல."

கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் கோபம் இல்லை; கூச்சம்தான் இருந்தது, ஏதோ தப்பு அவருடையது மாதிரி. "நான் உங்ககிட்டயே வந்து வந்து கேட்டிருக்கறனுங்க" என்றார். தாளை நான்காக மடித்தார். "முருங்கக்காய் வேற கொண்டாந்து குடுத்தேன்."

படியிறங்கிப் போய்விட்டார்.

அக்டோபர் 14

வெள்ளிங்கிரியைக் கூண்டில் நிறுத்திக் குற்றச்சாட்டை வாசித்தார்களாம், குற்றம் செய்யவில்லை என்றாராம். நாச்சிமுத்து அண்ணன் சொன்னார். எனக்கு யாரும் வந்து சொல்வதில்லை இப்போது.

நவம்பர் 18

சம்மன் வந்தது. டிசம்பர் 4, காலை பத்தரை.

சாயங்காலமே எஸ்.ஐ. அழைத்தார். "மேடம், மகஜர் காப்பி அனுப்பியிருக்கேன், ஒரு தடவ பாத்துக்குங்க. காலைல ஆறு மணி, பனங்காடு, எதிரி தானா முன்வந்து எடுத்துக் குடுத்தாரு. அவ்வளவுதான். பத்து நிமிஷ வேல." நான் அன்று ஊரிலேயே இல்லை என்றேன். "லீவு எழுதிக் குடுத்துட்டுப் போனீங்களா?" என்று மெதுவாகக் கேட்டார். மிரட்டவில்லை. மிரட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

நாச்சிமுத்து அண்ணனுக்கு மார்ச்சில் ஓய்வு. கதவைச் சாத்திவிட்டு என் எதிரில் நின்றார். இருபத்தேழு வருடத்தில் அவர் என்னிடம் மட்டுமல்ல, எந்த அலுவலரிடமும் கெஞ்சியதில்லையாம். "நீங்க இல்லீன்னு சொன்னா நானும் இல்லீன்னுதானுங்க ஆகும். நான் சாட்சி சொல்ற கேசுல எல்லாம் இதேதானுங்க நடக்குது. இதுக்கு மட்டும் ஏனுங்க?"

புத்தகத்தில் தேடினேன். பொய்ச் சாட்சி சொன்னால் என்ன தண்டனை, அரசு ஊழியர் தெரிந்தே தவறான ஆவணம் உண்டாக்கினால் என்ன தண்டனை, எல்லாம் இருக்கிறது. அக்காவுக்குச் சொல்லிக் கொடுத்த புத்தகத்தில் எனக்கும் இரண்டு பிரிவு.

டிசம்பர் 4

சாட்சிகளை உள்ளே விடவில்லை. ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்கக்கூடாது. வேப்பமரத்தடிப் பெஞ்சில் நானும் அண்ணனும் ஆளுக்கொரு ஓரத்தில் உட்கார்ந்திருந்தோம். எதிர் வராந்தாவில் அக்காவும் வெள்ளிங்கிரியும். அவரை இன்றுதான் நேருக்கு நேர் பார்த்தேன். ஒல்லியான ஆள். சட்டையை இஸ்திரி போட்டு வந்திருந்தார்.

டவாலி என் பெயரை மூன்று தடவை கூப்பிட்டார். சத்தியம் செய்தேன். அரசு வழக்குரைஞர் மகஜரைக் கையில் கொடுத்து முதல் விசாரணையைத் தொடங்கினார்.

"ஜூன் பதினொன்று காலை ஆறு மணிக்கு எங்கே இருந்தீர்கள்?"

"பஸ்ஸில். ஊரிலிருந்து வந்துகொண்டிருந்தேன்."

"எதிரி பனங்காட்டில் கம்பியை எடுத்துக் கொடுத்ததைப் பார்த்தீர்களா?"

"இல்லை."

அவர் என்னைப் பார்க்காமல் மாஜிஸ்திரேட்டைப் பார்த்து, சாட்சியைப் பிறழ் சாட்சியாகக் கருதிக் குறுக்கு விசாரணை செய்ய அனுமதி கேட்டார். கிடைத்தது. யார் அழைத்து வந்தார்களோ அவர்களே என்னை இனிப் பொய் சொல்கிறவள் என்று காட்ட வேண்டும். அதுதான் அந்தச் சொல்லுக்கு அர்த்தம்.

"இது உங்கள் கையெழுத்துதானே?"

"ஆமாம்."

"'படித்துப் பார்த்துக் கையொப்பமிட்டேன்' என்று மேலே இருக்கிறதே?"

"படிக்கவில்லை."

"அரசாங்கம் உங்களை எதற்கு வைத்திருக்கிறது, படிக்காமல் கையெழுத்துப் போடவா?"

பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"எதிரியின் மனைவி உங்கள் அலுவலகத்துக்கு அடிக்கடி வந்தது உண்மையா? காய்கறி வாங்கினீர்களா? அதற்காகத்தானே பொய் சொல்கிறீர்கள்?"

"வாங்கினேன். பொய் சொல்லவில்லை."

எதிர்த்தரப்பில் சட்ட உதவி வக்கீல் எழுந்து, கேள்வி இல்லை என்று உட்கார்ந்துவிட்டார். முடிந்தது என்று நினைத்தேன். மாஜிஸ்திரேட் அம்மா கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒரு விஷயம் மட்டும் கேக்கறேன். இதுக்கு முன்னால எத்தன மகஜர்ல சாட்சியா கையெழுத்துப் போட்டிருக்கீங்க?"

"ஆறு."

"அதுல எத்தன இடத்துக்கு நேர்ல போனீங்க?"

"ரெண்டு."

அவர் அதைச் சொல்லச் சொல்லத் தட்டச்சர் அடித்தார். கீழே கையெழுத்துப் போடச் சொன்னார்கள். படித்தேன். ஒவ்வொரு வரியும் படித்தேன். பின்னால் அடுத்த வழக்குக்காரர்கள் செருமினார்கள்.

எனக்குப் பிறகு போன நாச்சிமுத்து அண்ணன் எல்லாக் கேள்விக்கும் "ஞாபகம் இல்லீங்க" என்றாராம். அவரையும் பிறழ் சாட்சி ஆக்கிவிட்டார்கள். திரும்பும்போது வேறு பஸ்ஸில் ஏறிக்கொண்டார்.

டிசம்பர் 5

இந்த நோட்டில், நேரில் போகாமல் கையெழுத்துப் போட்ட அந்த நான்கு மகஜரைப் பற்றி நான் எழுதவே இல்லை. இன்று பழைய பக்கங்களைப் பார்த்தேன். 'ஸ்டேஷன் வேலை முடிந்தது', 'ஏட்டு வந்து போனார்' என்று மட்டும் இருக்கிறது.

டிசம்பர் 19

தாசில்தார் குறிப்பாணை கொடுத்தார். போகாத இடத்துக்குச் சாட்சிக் கையெழுத்து, அனுமதியில்லாத விடுப்பு, இரண்டுக்கும் விளக்கம் வேண்டும். இரண்டும் உண்மை என்று எழுதிக் கொடுத்தேன். "இப்படியா எழுதுவாங்க, கொஞ்சம் சுத்தி எழுதும்மா" என்றார். அவருக்கு என் மேல் இரக்கம்தான்.

அந்த நான்கு மகஜரிலும் எதிரியாக இருந்தவர்களின் பெயரையும் வழக்கு எண்ணையும் ஸ்டேஷன் கடிதங்களிலிருந்து தேடி எடுத்து, நான் போகாத இடங்கள் இவை என்று சட்ட உதவி மையத்தில் எழுதிக் கொடுத்தேன். வக்கீல் பார்த்துவிட்டு, இரண்டு வழக்கு இன்னும் நடக்கிறது, அவற்றில் உதவும் என்றார். மற்ற இருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனையும் முடித்துவிட்டார்களாம்.

"செய்யாமலே ஒப்புக்கொள்வார்களா?" என்று கேட்டேன்.

"தினமும் கோர்ட்டுக்கு அலையறதவிட மூணு மாசம் உள்ள இருந்துட்டு வந்துடலாம்னு நெனைப்பாங்க" என்றார்.

ஜனவரி 9

விடுதலை.

போகாமல் இருக்க முடியவில்லை, போய்க் கடைசி வரிசையில் நின்றேன். குற்றச்சாட்டு சந்தேகத்துக்கு அப்பால் நிரூபிக்கப்படவில்லை என்பதால், சந்தேகத்தின் பலனை எதிரிக்கு அளித்து விடுதலை செய்வதாக வாசித்தார்கள். வெள்ளிங்கிரி கும்பிட்டுவிட்டு அப்படியே நின்றார். போகலாம் என்று வக்கீல் தொட்டுச் சொல்ல வேண்டியிருந்தது.

வெளியே அக்கா என்னிடம் வந்தார். நான்கு மாதத்துக்குப் பிறகு.

"மேடம், ஒண்ணு கேக்கோணும். சந்தேகத்தின் பலன்னா?"

நிரூபிக்கப் போதுமான சாட்சி இல்லை என்றால் அந்தச் சந்தேகம் குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமாகப் போகும் என்றேன்.

"அப்ப அவரு எடுக்கலீன்னு எழுதலீங்களா?"

"எழுதல."

"சந்தேகம் இன்னும் இருக்குதுன்னுதானே அர்த்தம்?"

சட்டப்படி அவர் குற்றமற்றவர்தான் என்று சொன்னேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஊர்ல எல்லாரும் சட்டப் பொஸ்தகம் படிக்கறதில்லீங்களே" என்றார்.

ஜனவரி 26

கிராம சபை. பள்ளிக்கூட மைதானத்தில் நூற்றைம்பது பேர் இருக்கும். குடிநீர், தெருவிளக்கு எல்லாம் முடிந்து வேறு விஷயம் ஏதாவது உண்டா என்று தலைவர் கேட்டபோது எழுந்தேன். பல நாளாக நினைத்து வைத்திருந்ததைச் சொன்னேன். வெள்ளிங்கிரி கம்பி எடுத்துக் கொடுத்ததைப் பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டவள் நான், நான் அங்கே போகவே இல்லை, அவர் முப்பத்தைந்து நாள் ஜெயிலில் இருந்ததற்கு என் கையெழுத்தும் காரணம், மன்னிக்க வேண்டும்.

பெரியதோட்டத்துக்காரர் உட்கார்ந்தபடியே, "அப்ப அவன் எடுக்கலீங்கறீங்ளா?" என்றார்.

"எடுத்தார்னு சொல்ல ஆதாரம் இல்லைங்கேன்."

"எடுக்கலீன்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியாது" என்றேன். அதுதான் உண்மை. இரண்டு மூன்று பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பின்னால் புங்கமரத்தடியில் நின்றிருந்த வெள்ளிங்கிரி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவது தெரிந்தது. "சரிங்க மேடம், உக்காருங்க" என்றார் தலைவர்.

ஜனவரி 28

அக்கா வந்தார். அலுவலகத்தில் நான் மட்டும் இருந்தேன்.

"ஊரு மெல்ல மெல்ல மறந்துட்டு வந்துச்சுங்க. போன வாரம்தான் ஒருத்தரு மோட்டாரப் பாக்கக் கூப்பிட்டிருந்தாரு. நேத்து வேண்டாம்னு சொல்லியனுப்பிட்டாரு. அத்தன பேரு முன்னாடி அவரு பேரச் சொல்லி, ஜெயிலு, கம்பின்னு மறுபடியும் எல்லாம் பேசிட்டீங்க. எங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?"

கேட்கவில்லை. தோன்றவே இல்லை. கூட்டத்தில் எழுந்து நின்றபோது, பேசி முடித்தால் எனக்குப் பாரம் குறையும் என்பது மட்டும்தான் மனதில் இருந்தது.

"நான் என்னக்கா செய்யணும்?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் செய்யாதீங்க" என்றார். சத்தம் உயரவில்லை. "எங்களுக்குன்னு இனிமே ஒண்ணும் செய்யாதீங்க மேடம். அதக் கேக்கத்தானுங்க வந்தேன்."

பிப்ரவரி 20

மாற்றல் உத்தரவு வந்து நான்கு நாளாகிறது. தாலுகாவின் மறுகோடியில் ஒரு கிராமம். என் மேலான துறை விசாரணை முடியும்வரை அங்கே. புதிதாக வந்தவரிடம் பதிவேடுகளை ஒப்படைத்தேன். நாச்சிமுத்து அண்ணன் பட்டியலைச் சரிபார்த்தார். போகும்போது கும்பிட்டார். அவருக்கும் குறிப்பாணை வந்திருக்கிறது.

பஸ்ஸுக்கு நின்றிருந்தபோது பக்கத்து ஊர் ரோட்டிலிருந்து வெள்ளிங்கிரி மொபெட்டில் வந்தார். பின்னால் கேரியரில் ஒரு மோட்டாரைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார். இந்த ஊர் இல்லாவிட்டாலும் அடுத்த ஊரில் யாரோ கூப்பிட்டிருக்கிறார்கள். நிறுத்தத்தை நெருங்கியதும் வேகம் குறைந்தது, பள்ளத்துக்காக இருக்கலாம். என்னைப் பார்த்தார். அவர் நிற்கவில்லை.

அவர் நிற்காமல் போனதும் எனக்கு அப்பாடா என்று இருந்தது. அதை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன்.